ஜூம் நகரவில்லையா? ஃப்ளாஷ், லென்ஸ், கேமராவில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி

"அண்ணே, ஃப்ளாஷ் 14லயே நிக்குது. ஜூம் பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் நகர மாட்டேங்குது."

கல்யாண மண்டபத்தில், முகூர்த்தத்துக்கு 20 நிமிடம் இருக்கும்போது என்னுடன் வேலைக்கு வந்திருந்த தம்பி இப்படிச் சொல்லிக்கொண்டு ஓடிவந்தார். அதற்குள் செல்லை மாற்றிப் பார்த்துவிட்டார். ஆஃப் செய்து ஆன் செய்தும் பார்த்துவிட்டார். நான் ஃப்ளாஷை வாங்கி, தலையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். மேல்விளிம்பில் ஒளி புகும் பிளாஸ்டிக் தகடு ஒன்று நெல்மணி அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வெள்ளை பவுன்ஸ் கார்டை இழுத்தபோது இந்தத் தகடும் கூடவே வந்திருக்கிறது. திரும்பத் தள்ளும்போது கார்டு மட்டும் முழுசாக உள்ளே போயிருக்கிறது. நகத்தால் தள்ளினேன். உள்ளே 'க்ர்ர்' என்று மோட்டார் ஓடியது. திரையில் 14 போய் 35 வந்தது.

ஜூம் தகராறுகளில் கணிசமானவை இப்படிப்பட்டவைதான். ஏதோ ஒரு பூட்டு, ஏதோ ஒரு மோட், பாதி மூடிய ஒரு தகடு. அதைப் பார்க்காமல் ரிங்கைப் பலமாகத் திருகி, நல்ல லென்ஸை உடைத்துக்கொண்டு வருபவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஜூம் தகவல் போகும் பாதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் ரிங்கைத் திருப்பும்போது உள்ளே இருக்கும் ஒரு சின்ன உலோக பிரஷ் அதன் தடத்தில் நகர்ந்து, எத்தனை மி.மீ.யில் நிற்கிறோம் என்று சொல்கிறது (எண் சிறியதென்றால் காட்சி அகலம், பெரியதென்றால் நெருக்கம்). (வேறு வகை சென்சார் வைத்த லென்ஸ்களும் உண்டு; வேலை ஒன்றுதான்.) அந்தத் தகவல் மவுண்டில், அதாவது லென்ஸ் கேமராவில் மாட்டும் இடத்தில் உள்ள தொடுமுனைகள் வழியாகக் கேமராவுக்குப் போகிறது. கேமரா அதை ஹாட் ஷூ (மேலே ஃப்ளாஷ் மாட்டும் இடம்) வழியாக ஃப்ளாஷுக்கு அனுப்புகிறது. ஃப்ளாஷ் தன் மோட்டாரை ஓட்டி, லென்ஸ் பார்க்கும் அகலத்துக்கு ஏற்ப வெளிச்சத்தைப் பரப்பவோ குவிக்கவோ விளக்குக் குழாயை முன்னும் பின்னும் நகர்த்துகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் நமக்குத் தெரிவது ஒன்றுதான்: ஜூம் ஆகவில்லை. எந்தக் கண்ணி என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

ஃப்ளாஷ்: கேமராவிலிருந்து கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்

கழற்றிவிட்டால் லென்ஸும் கேமராவும் கணக்கிலிருந்து போய்விடும். இப்போது ஃப்ளாஷ் மட்டும்தான் குற்றவாளியாக இருக்க முடியும்.

புதிதாகச் சார்ஜ் செய்த 4 செல்களையும் போடுங்கள். பழையதும் புதியதும் கலக்க வேண்டாம். நாலில் ஒன்று செத்திருந்தாலும் திரை எரியும், ஆனால் மோட்டாரை ஓட்டப் போதாது. சில சமயம் மோட்டார் அசையும் அந்த நொடியில் ஃப்ளாஷே அணைந்து மறுபடி எழும். அப்படி நடந்தால் மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள், செல்லைப் பாருங்கள். செல் அறைக்குள் இருக்கும் உலோகத் தகடுகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ படிந்திருந்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும்.

ஆன் செய்யும்போது காதருகே வையுங்கள். பெரும்பாலான ஃப்ளாஷ்களில் ஆன் ஆனதும் மோட்டார் ஒருமுறை ஓடித் தன் தொடக்க இடத்தைக் கண்டுபிடிக்கும். அந்தச் சத்தம் கேட்கிறதா? அடுத்து, ஜூமை மேனுவலுக்கு மாற்றி 24இலிருந்து 105 வரை ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். ஏற்றும்போது முன்பக்க வரிவரியான பிளாஸ்டிக் வழியாக உள்ளே பாருங்கள். டெஸ்ட் பட்டன் பக்கம் விரல் போகவே கூடாது, அழுத்தினால் ஃப்ளாஷ் கண்ணிலேயே அடிக்கும். உள்ளே குழாயும் அதன் பின்னால் உள்ள பளபளப்பான ரிஃப்ளெக்டரும் தெரியும். 24இல் அவை முன்னால், பிளாஸ்டிக்கை ஒட்டி நிற்கும். 105இல் பின்னால் உள்ளே போய்விடும்.

இந்த ஒரு பார்வையிலேயே பாதி விடை வந்துவிடும். எண் மாறுகிறது, சத்தமும் வருகிறது, ஆனால் குழாய் அசையவில்லை என்றால் பல்சக்கரமோ அதை இழுக்கும் தண்டோ போயிருக்கிறது. எண் மாறுகிறது, சத்தமே இல்லை என்றால் மோட்டார், அல்லது தலைக்குப் போகும் வயர். தலையைத் தினமும் நூறு தடவை மேலும் கீழும் பக்கவாட்டிலும் திருப்புகிறோம். அந்த மடிப்பில்தான் ரிப்பன் கேபிளும் போகிறது. தலையை ஒரு கோணத்தில் வைத்தால் ஜூம் ஆகிறது, இன்னொரு கோணத்தில் ஆகவில்லை என்றால் அநேகமாகக் கேபிள்தான். எண்ணே மாறவில்லை என்றால் மோட்டார் நல்லபடியாக இருக்கலாம். வேறு ஏதோ அதைப் பூட்டி வைத்திருக்கிறது.

பூட்டக்கூடியவை என்னென்ன என்று இனிப் பார்ப்போம்.

முதலாவது வைட் பேனல், மேலே கல்யாண மண்டபத்தில் நீட்டிக்கொண்டிருந்த அந்த பிளாஸ்டிக் தகடு. அதை இழுத்தவுடன் உள்ளே ஒரு மைக்ரோ ஸ்விட்ச் அழுந்தி, ஜூமை அகலமான இடத்துக்குக் கொண்டுபோய்ப் பூட்டிவிடும். இதன் விளைவு சாதாரணமானதல்ல. கேனான் 430இஎக்ஸ் 2 ஃப்ளாஷை எடுத்துக்கொள்வோம். அதன் கைடு நம்பர் (ஃப்ளாஷின் பலத்தைச் சொல்லும் எண்) ஐஎஸ்ஓ 100இல் 105 மி.மீ. ஜூமுக்கு 43 மீட்டர். அந்த 43தான் அதன் பெயரிலும் இருக்கிறது. 35 மி.மீ.யில் 31. பேனலை இழுத்து 14 மி.மீ.க்குப் போனால் வெறும் 11. அதாவது 35 என்று நினைத்து எடுப்பவருக்கு ஏறக்குறைய 3 ஸ்டாப் வெளிச்சம் காணாமல் போகிறது (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). ஆட்டோவில் இருந்தால் ஃப்ளாஷ் அதை ஈடுகட்டப் பார்த்து ஒவ்வொரு தடவையும் முழு பலத்தில் அடிக்கும், செல் சீக்கிரம் தீரும், சூடாகும். "செல் நிக்கவே மாட்டேங்குது" என்று புலம்புபவர்கள் தங்கள் ஃப்ளாஷ் எந்த ஜூமில் நிற்கிறது என்று ஒருமுறை பார்க்க வேண்டும்.

பேனல் உடைந்தே விழுந்துவிட்டால்? ஸ்விட்ச் அழுந்திய நிலையிலேயே மாட்டிக்கொண்டு, ஜூம் அகலத்திலேயே நின்றுவிடலாம். நிக்கான் எஸ்பி-600, எஸ்பி-800 போன்றவற்றில் இந்தச் சூழ்நிலைக்கென்றே கஸ்டம் செட்டிங்கில் ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். அதை மாற்றினால் பேனல் இல்லாமலே ஜூமைக் கையால் வைக்கலாம். உங்கள் மாடலின் கையேட்டில் வைட் பேனல் பகுதியைத் தேடிப் பாருங்கள். தூக்கிப் போடுவதற்கு முன் இதைப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது, டோம் டிஃப்யூசர். சில நிக்கான் ஃப்ளாஷ்களில் கூட வரும் வெள்ளை டோமை மாட்டினால் ஃப்ளாஷ் அதைத் தானே உணர்ந்து ஜூமை அகலத்தில் வைத்துக்கொள்ளும். டோம் இருக்கும்வரை அது கோளாறு இல்லை. கழற்றிய பிறகும் விடவில்லை என்றால், தலையின் ஓரத்தில் டோமை உணரும் சின்ன முனையில் அழுக்கு அடைத்திருக்கும்.

மூன்றாவது, தலையைத் தூக்கி வைத்திருப்பது. கேனான் ஸ்பீட்லைட்டுகளில் ஆட்டோ ஜூம் வைத்துக்கொண்டு தலையைச் சீலிங் பக்கம் திருப்பினால் திரையில் எண்ணுக்குப் பதில் இரண்டு கோடு வரும். உள்ளே 50 மி.மீ.யில் நிற்கும். இப்படிச் சீலிங்கில் அடித்து வெளிச்சத்தைத் திருப்பும்போது (பவுன்ஸ்) லென்ஸைப் பின்தொடர்ந்து பயனில்லை என்பதால் இப்படி வடிவமைத்திருக்கிறார்கள். தலையை நேராக்கிப் பாருங்கள், எண் திரும்ப வரும்.

ஃப்ளாஷ் தனியாக ஜூம் ஆகிறது, கேமராவில் மாட்டினால் லென்ஸைப் பின்தொடரவில்லை

மோட்டார் நன்றாக இருக்கிறது என்பது உறுதியாகிவிட்டது. இனி பேச்சுவார்த்தை எங்கே அறுகிறது என்று பார்க்க வேண்டும்.

ஷட்டரைப் பாதி அழுத்திக்கொண்டு லென்ஸ் ரிங்கைத் திருப்புங்கள். கேமரா தூங்கிக்கொண்டிருந்தால் ஃப்ளாஷுக்குத் தகவல் போகாது. புதிதாக வாங்கியவர்கள் இதில்தான் பயந்துபோவார்கள்.

திரையில் ஜூம் எண்ணுக்குப் பக்கத்தில் 'எம்' என்ற எழுத்து இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் ஜூம் மேனுவலில் இருக்கிறது. யாரோ, பெரும்பாலும் நாமே, பையில் போடும்போது பட்டனை அழுத்தியிருப்போம். கேனான் வைத்திருப்பவர்கள் கேமரா மெனுவில் வெளி ஃப்ளாஷ் செட்டிங்கையும் திறந்து பார்க்க வேண்டும். அங்கேயும் ஜூமை ஒரு எண்ணில் நிறுத்திவைக்க முடியும்.

ஃப்ளாஷின் அடியைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஒரே ஒரு முனை மட்டும் இருந்தால், அதற்கு எப்போது அடிக்க வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும். லென்ஸ் எத்தனை மி.மீ. என்று தெரிய வழியே இல்லை. கோடாக்ஸ் டிடி600, யாங்னோ ஒய்என்560 வகைகள் இப்படித்தான். ஜூம் உண்டு, கையால்தான் வைக்க வேண்டும். பல முனைகள் இருந்தும் பேசவில்லை என்றால் சுத்தம் செய்யுங்கள். கேமரா பாடி, ஃப்ளாஷ் இரண்டையும் அணைத்து, பஞ்சு உதிராத துணியில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் கொஞ்சம் நனைத்து, முனைகளை மெதுவாகத் துடைத்தால் போதும். உப்புத்தாள், பிளேடு எல்லாம் வேண்டாம்; முனைமேல் இருக்கும் பூச்சு போய்விட்டால் அப்புறம் அடிக்கடி துரு பிடிக்கும். மாட்டும்போது முழுசாக முன்னால் தள்ளிப் பூட்டுங்கள். ஒரு மி.மீ. பின்னால் நின்றாலும் முனைகள் சேராது, ஃப்ளாஷ் மட்டும் அடித்துக்கொண்டிருக்கும்.

அடாப்டரில் மாட்டிய பழைய மேனுவல் லென்ஸ் என்றால் சொல்வதற்கு அதனிடம் தகவல் இல்லை. நிக்கானின் மேல்தர பாடிகளில் சிபியு (தகவல் சொல்லும் சிப்) இல்லாத லென்ஸுக்கான மெனு இருக்கிறது, அதில் மி.மீ. எண்ணைப் பதிந்துவிட்டால் ஃப்ளாஷும் அதன்படி நகரும். ஸ்டாண்டில் வைத்து ட்ரிகர் (ஃப்ளாஷைத் தூரத்திலிருந்து இயக்கும் கருவி) மூலம் அடிக்கும் ஃப்ளாஷ் லென்ஸைப் பின்தொடர வேண்டிய அவசியமே கிடையாது. அதற்குச் சிலவற்றில் ட்ரிகரிலிருந்தும், மற்றவற்றில் நேரடியாகவும் ஜூம் வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லையையும் மறக்காதீர்கள். நிக்கான் எஸ்பி-700 போவது 24இலிருந்து 120 வரை. கேனான் 600இஎக்ஸ்-ஆர்டி, கோடாக்ஸ் டிடி685 இரண்டும் 20இலிருந்து 200 வரை. கோடாக்ஸ் வி1 உருண்டைத் தலை 28இலிருந்து 105 வரைதான். 70-300 லென்ஸை மாட்டிக்கொண்டு 300க்குப் போனாலும் ஃப்ளாஷ் தன் கடைசி எண்ணில் நின்றுவிடும்.

இன்னும் சந்தேகம் இருந்தால் இரவில் ஒரு வெள்ளைச் சுவர் முன்னால் 3 மீட்டர் தள்ளி நில்லுங்கள். லென்ஸை 24இல் வைத்து, ஃப்ளாஷை 24, 50, 105 என்று மாற்றி மூன்று படம் எடுங்கள். முதல் படத்தில் சுவர் முழுக்க ஒரே மாதிரி வெளிச்சம், மூன்றாவதில் நடுவில் பிரகாசமான வட்டமும் மூலைகளில் இருட்டும் வர வேண்டும். மூன்றும் ஒன்றுபோல இருந்தால் திரை என்ன எண்ணைக் காட்டினாலும் குழாய் நகரவில்லை.

ஃப்ளாஷை மட்டும் வீட்டில் திறக்க வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் சார்ஜ் ஆகும். செல்லைக் கழற்றி நாள்கணக்கில் ஆன பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கலாம். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியும் என்ற தைரியம் இங்கே உயிருக்கே ஆபத்து.

லென்ஸ்: ரிங் என்ன சொல்கிறது என்று விரலால் கேளுங்கள்

சுத்தமாகத் திரும்பவில்லை என்றால் முதலில் பக்கவாட்டில் 'லாக்' என்ற சின்ன ஸ்விட்சைத் தேடுங்கள். 18-200 போன்ற நீண்ட ஜூம்களில் பையில் தொங்கும்போது லென்ஸ் தானே நீளாமல் இருக்க இதை வைத்திருப்பார்கள். பொதுவாக மிகக் குறைந்த மி.மீ.யில்தான் பூட்டும், சில பெரிய லென்ஸ்களில் இடையிலும் பூட்டலாம். நிக்கான் ஏஎஃப்-பி 18-55 போன்ற மடங்கும் கிட் லென்ஸ்களில் பட்டனை அழுத்திக்கொண்டே திருப்பினால்தான் திறக்கும். அதுவரை கேமரா படமே எடுக்காது, ரிங்கைத் திருப்பச் சொல்லித் திரையில் செய்தி காட்டும். அதைப் பார்த்துக் கேமரா கெட்டுவிட்டது என்று நினைத்தவர்கள் நிறையப் பேர்.

வாடகை லென்ஸ் என்றால் திசையைப் பாருங்கள். கேனான் ஜூமும் நிக்கான் ஜூமும் பொதுவாக எதிரெதிர்த் திசையில் திரும்பும். பழக்கதோஷத்தில் முடிந்துபோன முனையிலேயே அழுத்திக்கொண்டிருப்போம்.

திரும்புகிறது, ஆனால் சரியில்லை என்றால் எப்படிச் சரியில்லை என்பதை வைத்துப் பிரிக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மெதுவாகத் திருப்புங்கள். 'நறநற' என்றால் மணல். கடற்கரையில் எடுத்துவிட்டு வந்த லென்ஸ் என்றால் சந்தேகமே வேண்டாம். அதற்கு மேல் ஒருமுறைகூடத் திருப்பாதீர்கள். லென்ஸை முகம் கீழாகப் பிடித்து, ப்ளோயரால் ரிங் இடுக்குகளில் ஊதி, மெல்லிய பிரஷால் தட்டுங்கள். அதன் பிறகும் நறநறப்பு இருந்தால் சர்வீஸ்தான். கம்ப்ரஸர் காற்றை அடித்தால் மணல் இன்னும் உள்ளே போய்க் கண்ணாடிக்கே சேதம் வரும்.

ஒரே ஒரு இடத்தில், உதாரணமாக 35க்கும் 50க்கும் நடுவில் மட்டும் இடிக்கிறது என்றால், பெரும்பாலும் உள்ளே தடத்தில் ஓடும் சின்ன புஷ் தேய்ந்திருக்கிறது, அல்லது ஒரு ஸ்க்ரூ லூசாகி எழும்பியிருக்கிறது. கீழே விழுந்த லென்ஸில் குழல் லேசாக வளைந்தாலும் இப்படி இருக்கும். "கொஞ்சம் அழுத்தினா போயிடுது" என்று ஓட்டினால், சின்ன புஷ் மாற்றும் வேலை குழலையே மாற்றும் வேலையாகிவிடும்.

ரிங் வழுக்குகிறது, ஆனால் படம் ஜூம் ஆகவில்லை என்பது இன்னொரு வகை. நம் ஊர் வெயிலிலும் வியர்வையிலும் ரப்பர் பட்டை ஊதிப் பெருத்து, அடியில் இருக்கும் ரிங்கை விட்டுவிடும். சுற்றுவது ரப்பர் மட்டும். அந்த மாடலுக்கான ரப்பரை மாற்றினால் போதும். ஃபெவிக்விக் ஊற்றுபவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுக்கிறேன். அது இடுக்கில் இறங்கினால் ரிங்கே உறைந்துவிடும்.

ரிங் வழவழவென்று நன்றாகத் திரும்பியும் மின்சாரப் பக்கம் கெட்டிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க நான் பயன்படுத்தும் வழி எக்ஸிஃப், அதாவது ஒவ்வொரு படத்தோடும் கேமரா பதிந்துவைக்கும் விவரங்கள். 24, 28, 35, 50, 70, 105 என்று லென்ஸில் எழுதியிருக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு படம் எடுத்து, பதிவான மி.மீ. எண்ணைப் பாருங்கள். ஒன்றிரண்டு எண் தள்ளி வருவது சகஜம். 70இல் வைத்தது 35 என்று வந்தாலோ, எண் குதித்துக் குதித்து வந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறினாலோ, உள்ளே பிரஷ் தேய்ந்திருக்கிறது. ஃப்ளாஷ் லென்ஸைச் சரியாகப் பின்தொடராததற்கு மூலக்காரணம் சில நேரம் இங்கேதான் ஒளிந்திருக்கும். பாவம், ஃப்ளாஷைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருப்போம். எண்ணே பதிவாகவில்லை என்றால் மவுண்ட் முனைகளைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். கேனானில் வரும் எரர் 01கூட லென்ஸுக்கும் கேமராவுக்கும் பேச்சு நின்றுவிட்டது என்பதைத்தான் சொல்கிறது.

கோளாறு போலத் தெரியும் இயல்புகளும் உண்டு. எஃப் 3.5-5.6 என்று போட்ட லென்ஸ் ஜூம் செய்யச் செய்ய இருட்டாவது அதன் இயல்பு. ஜூம் செய்தபின் ஃபோகஸ் விலகுவதும் பல லென்ஸ்களில் அப்படித்தான். ஜூமை வைத்துவிட்டு ஃபோகஸ் செய்யுங்கள்.

மோட்டாரில் ஓடும் ஜூம்கள்

சோனி இ பிஇசட் 16-50 போன்ற பவர் ஜூம்களில் ரிங்குக்கு இரண்டு வேலை. ஆட்டோ ஃபோகஸில் அது ஜூம். மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றினால் அதே ரிங் ஃபோகஸ் செய்யும். "நேத்து வரைக்கும் ஜூம் ஆச்சு" என்றால் ஃபோகஸ் மோடைப் பாருங்கள். பக்கத்தில் உள்ள லீவர் எப்போதும் ஜூம்தான்.

லென்ஸ் பாதியில் நீண்டு நின்று, அடையாளம் காண முடியவில்லை என்று கேமரா சொன்னால் இந்த வரிசையில் போங்கள். அணைக்கவும். பேட்டரியை எடுக்கவும். லென்ஸைக் கழற்றி முனைகளைத் துடைத்து மாட்டவும். முழுச் சார்ஜ் உள்ள பேட்டரியைப் போட்டு, முன்னால் கையோ மூடியோ தடுக்காமல் ஆன் செய்யவும். கையால் உள்ளே தள்ளக் கூடாது. உள்ளே இருப்பது பிளாஸ்டிக் பல்சக்கரம்.

பாக்கெட் கேமராவில் 'லென்ஸ் எரர்' வந்தாலும், பானசோனிக்கில் 'சிஸ்டம் எரர் ஜூம்' வந்தாலும் இதே முறைதான், லென்ஸைக் கழற்றுவதைத் தவிர. கூடுதலாக, லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்துக் குழல் இடுக்குகளில் ஊதிவிட்டு ஆன் செய்து பாருங்கள். தூசியால் நின்றது என்றால் இரண்டு மூன்று முயற்சியில் நகர்ந்துவிடும். கீழே விழுந்து நின்றது என்றால் திரும்பத் திரும்ப ஆன் செய்யாதீர்கள்.

டிஜிட்டல் ஜூம் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் மெனுவில் அது அணைந்திருக்கும், அல்லது நீங்கள் ராவில் (கேமரா திருத்தாமல் சேமிக்கும் கோப்பு) எடுத்துக்கொண்டிருப்பீர்கள். சோனியின் க்ளியர் இமேஜ் ஜூம் பல பாடிகளில் ராவுடன் சேராது. ஜேபெக்குக்கு மாற்றினால் வந்துவிடும்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது

"ஜூம் வேலை செய்யலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த எண்ணில் நிற்கிறது, சத்தம் வருகிறதா, குழாய் அசைகிறதா, எக்ஸிஃபில் என்ன வந்தது, கீழே விழுந்ததா, மணலில் இருந்ததா என்பதை ஒரு தாளில் எழுதிப் பொருளோடு கொடுங்கள். மெக்கானிக்குக்கு நேரம் மிச்சம். தேவையில்லாத பாகத்தை மாற்றிக் கூலி கேட்கவும் முடியாது. விழுந்ததை மறைக்காதீர்கள், திறந்தால் எப்படியும் தெரிந்துவிடும்.

திரும்ப வாங்கும்போது உங்கள் பாடியைக் கொண்டுபோங்கள். லென்ஸ் என்றால் கடைசி எண் வரை ஒவ்வொன்றிலும் ஒரு படம் எடுத்து எக்ஸிஃபைப் பாருங்கள். கழற்றி மாட்டிய லென்ஸில் கண்ணாடி சற்றே சாய்ந்து, படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கலாகிப்போவதும் உண்டு. அதனால் எதிரே இருக்கும் கடைப்பலகை எழுத்துகளை இரண்டு முனை ஜூமிலும் எடுத்து, இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஃப்ளாஷ் என்றால் தலையை நான்கு பக்கமும் திருப்பி, ஒவ்வொரு பக்கத்திலும் ஜூமை முழுக்க ஏற்றி இறக்குங்கள். கவுன்டரிலேயே, பணம் கொடுப்பதற்கு முன்.